நெல் வயலின் மூச்சை அளக்கும் லேசர் ஒளி

நடவு முடிந்து ஒரு மாதமான நெல் வயலில் இறங்கி நடந்தால், சேறு அமுங்கும்போது காலடியிலிருந்து குமிழிகள் கிளம்பும். களை எடுக்கும் பெண்கள் நாள்தோறும் காணும் காட்சி இது. அந்தக் குமிழிகளில் இருப்பது வெறும் காற்று அன்று. அதில் பெரும் பங்கு மீதேன் என்னும் வாயு. சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி அடுப்பில் நீல நிறமாக எரிகிறதே, அதே வாயுதான்.

வயலிலிருந்து எவ்வளவு மீதேன் கிளம்புகிறது என்பது முன்பெல்லாம் விவசாயிக்குத் தேவையில்லாத கேள்வி. இன்று நிலைமை அப்படி இல்லை. பூமி சூடேறுவதற்கு நெல் சாகுபடியும் ஒரு காரணம் என்று உலக அரங்குகளில் பேசப்படுகிறது. உண்மைதானா, எவ்வளவு, எதைச் செய்தால் குறையும் என்ற கேள்விகளுக்கு அளந்துதான் விடை சொல்ல வேண்டும். அளக்காமல் சொன்ன கணக்கு ஒன்று, நம் நாட்டு நெல் விவசாயிகள் மீது ஏறத்தாழ ஒன்பது மடங்குப் பழியை ஏற்றியதும் உண்டு.

பொய்த்த கணக்கு

1990ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு மதிப்பீடு தந்தது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீதேனை வெளிவிடுகின்றன என்பது அந்தக் கணக்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில வயல்களில் எடுத்த அளவுகளை நம் நாட்டு நெல் பரப்பால் பெருக்கி வந்த தொகை அது. நம் வயலில் எவரும் இறங்கி அளந்து சொன்னதல்ல.

இதைச் சரிபார்க்க 1991ல் டாக்டர் ஏ.பி. மித்ரா தலைமையில், புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்னின்று நாட்டின் பல பகுதிகளில் நெல் வயல்களில் நேரடியாக அளவு எடுக்க ஏற்பாடு செய்தது. பல ஆராய்ச்சி நிலையங்கள் இதில் பங்கு கொண்டன. கிடைத்த விடை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன். முன்பு சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்கு!

காரணம் கடினமானதல்ல. நம் நாட்டில் நெல் பயிராகும் நிலம் எல்லாவற்றிலும் பருவம் முழுவதும் நீர் தேங்கி நிற்பதில்லை. மானாவாரி நிலங்களும், இடையிடையே காயும் நிலங்களும் ஏராளம். நம் மண்ணில் மக்கும் அங்ககப் பொருளும் குறைவு. தண்ணீரும் மக்கும் பொருளும் சேர்ந்திருந்தால்தான் மீதேன் மிகுதியாக உண்டாகும்.

அன்று அளந்த முறை எளியது. நெற்குத்துகளின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஊசிக் குழலால் உறிஞ்சி, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்று சோதித்தார்கள். இன்றும் பல இடங்களில் இதுவே வழக்கம். ஆனால் பெட்டி மூடுவது சில குத்துகளை மட்டுமே. வாரம் ஒரு முறை அளந்தால் இடைப்பட்ட ஆறு நாட்களில் நடந்தது தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க வந்திருப்பதுதான் அகச்சிவப்பு லேசர் ஒளியால் வாயுக்களை அளக்கும் முறை.

மீதேன் பிறக்கும் விதம்

வயலில் நீர் தேங்கினால் மண்ணுக்குள் பிராணவாயு போகும் வழி அடைபடுகிறது. உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சப் பிராணவாயுவும் சில நாட்களில் தீர்ந்துவிடும். அதன் பின், பிராணவாயு இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மக்கும் வைக்கோல், தழை, வேர்க் கழிவு ஆகியவற்றிலிருந்து இவை மீதேனை உண்டாக்குகின்றன.

பிறந்த வாயுவில் ஒரு பகுதியே குமிழியாக மேலே வருகிறது. பெரும்பகுதி நெற்பயிரின் வழியாகவே வெளியேறுகிறது. நீரில் நிற்கும் வேருக்குப் பிராணவாயு கொண்டு செல்ல நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. அதே குழல் வழியாக மீதேன் மேலேறிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே பயிர் நிற்கும் வயலை அப்படியே அளந்தால்தான் சரியான கணக்குக் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் வானவில் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அங்கே விழுகிறது என்று அவர் உணர்ந்தார். அதுவே அகச்சிவப்புக் கதிர். அடுப்பருகே நிற்கும்போது முகத்தில் படும் அனல் பெரும்பாலும் இந்தக் கதிர்தான்.

1859ல் லண்டனில் ஜான் டிண்டால் ஒரு நீண்ட குழாயில் பலவகை வாயுக்களை நிரப்பி அதன் வழியே வெப்பக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் பிராணவாயுவும் கதிரைத் தடையின்றி விட்டன. நீராவியும் கரியமில வாயுவும் அதை விழுங்கின. பூமியின் வெப்பம் விண்வெளிக்குப் போய்விடாமல் போர்வை போலக் காப்பவை இந்தச் சிறு அளவு வாயுக்களே என்பது இதனால் தெளிவாயிற்று.

மீதேனும் அப்படிப்பட்ட வாயுவே. எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குகிறது. ஆனால் அது காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தங்கும். எனவே இன்று குறைத்தால் பலன் விரைவில் தெரியும்.

மூலக்கூறு ஆடும் ஊஞ்சல்

ஒரு வாயு ஏன் குறிப்பிட்ட ஒளியை மட்டும் விழுங்குகிறது? மீதேன் மூலக்கூறில் நடுவே ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். இவற்றைச் சுருள் வில்லில் கோத்த குண்டுகள் என்று எண்ணிக் கொள்ளலாம். அந்த வில்கள் ஓயாமல் விரிந்து சுருங்குகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 90 லட்சம் கோடி முறை!

ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்துத் தள்ளினால்தான் உயரமாக ஆடும். தாளம் தப்பித் தள்ளினால் பயன் இல்லை. ஒளியும் அப்படியே. மூலக்கூறின் ஆட்டத்துக்கு ஒத்த அதிர்வுள்ள ஒளி பட்டால் மட்டுமே மூலக்கூறு அதை வாங்கிக்கொள்ளும். மீதேனுக்கு அந்த ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 3.3 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கரியமில வாயுவுக்கு 4.3 மைக்ரான், யூரியா இட்ட நிலத்திலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு 4.5 மைக்ரான், அம்மோனியாவுக்கு 10 மைக்ரானை ஒட்டி என்று ஒவ்வொரு வாயுவுக்கும் தனி அடையாளம் உண்டு. மாட்டுக்குச் சூட்டுக்குறி போல, ஒரு வாயுவின் குறி இன்னொன்றுக்கு இராது.

மூலக்கூறு ஆடுவதோடு பம்பரம்போல் சுழலவும் செய்கிறது. அதனால் ஒரே குறி பல நுண்ணிய கோடுகளாகப் பிரிகிறது. சாதாரண விளக்கின் ஒளி இந்தக் கோடுகள் எல்லாவற்றின் மீதும், பக்கத்திலுள்ள நீராவிக் கோடுகள் மீதும் ஒருங்கே விழும். எது மீதேன், எது நீராவி என்று பிரித்தறிவது கடினம். நெல் வயலிலோ நீராவிக்குப் பஞ்சமே இல்லை!

லேசர் வந்த பின்

1960ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். லேசர் ஒளியின் சிறப்பு அதன் துல்லியம். ஒரே அலைநீளத்தில், ஊசி முனைபோல் ஒடுங்கி நிற்கும். நூற்றுக்கணக்கான கோடுகளில் ஒன்றை மட்டும் தொட்டுப் பார்க்க இது ஒத்த கருவி. 1964ல் கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்த சி. குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். அவர் சக ஆய்வாளருடன் சேர்ந்து, காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள நைட்ரிக் ஆக்சைடை லேசரால் அளக்க முடியும் என்று 1971ல் காட்டினார்.

மீதேனுக்கும் லேசருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஹீலியமும் நியானும் கலந்த லேசர் 3.39 மைக்ரான் அலைநீளத்தில் ஒளி தரும். தற்செயலாக, மீதேனின் ஒரு கோடும் சரியாக அங்கேயே அமைந்திருக்கிறது. ஆனால் வாயு மூலக்கூறுகள் அங்கும் இங்கும் பாய்ந்து கொண்டிருப்பதால் அந்தக் கோடு அகன்று தெரியும். ரயில் எதிரே வரும்போதும் விலகிப் போகும்போதும் ஊதல் ஒலி மாறுவது போன்றது இது. ஜான் ஹாலும் ரிச்சர்டு பார்கரும் 1969ல் லேசர் ஒளியை எதிரெதிர்த் திசைகளில் வாயுவுக்குள் செலுத்தினார்கள். எந்தப் பக்கமும் நெருங்காமலும் விலகாமலும் இருக்கும் மூலக்கூறுகள் மட்டுமே இரு கதிருக்கும் ஒருசேர ஈடு கொடுக்கும். அவற்றால் உண்டாகும் மிக ஒடுங்கிய குறியை அடையாளமாக வைத்து லேசரை அசையாமல் நிறுத்தினார்கள்.

இந்த மீதேன் லேசரைக் கொண்டு 1972ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கென்னத் ஈவன்சன் குழுவினர் ஒளியின் வேகத்தை முன்னெப்போதும் இல்லாத நுட்பத்தில் அளந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1983ல், ஒளி ஒரு நொடியின் 29,97,92,458ல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே ஒரு மீட்டர் என்று உலக நாடுகள் வரையறுத்தன. சேற்றில் குமிழியிடும் வாயு உலகத்தின் அளவுகோலைத் திருத்தவும் உதவியது!

பத்து லட்சத்தில் இரண்டு

வயற்காற்றில் மீதேனைத் தேடுவது எளிதல்ல. இன்று காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவாகவே மீதேன் உள்ளது. ஆலைகள் பெருகுவதற்கு முன்பு இது 0.7 அளவே இருந்தது. இவ்வளவு சிறிய அளவு, ஒளியை மிகச் சிறிதே விழுங்கும். விழுங்கியது தெரிய வேண்டுமானால் ஒளி காற்றில் நெடுந்தூரம் செல்ல வேண்டும்.

இதற்கு எதிரெதிராக வைத்த இரு குழிந்த ஆடிகள் பயன்படுகின்றன. நெசவுத் தறியில் நாடா ஓடுவதுபோல ஒளி இரண்டுக்கும் இடையே பலமுறை ஓடித் திரும்புகிறது. அரை மீட்டர் இடைவெளியில் 30 மீட்டர் ஒளிப் பாதை கிடைத்துவிடும்.

இன்னொரு முறையும் உண்டு. கோயில் மணியை ஒரு முறை அடித்தால் ரீங்காரம் மெல்லத் தேய்ந்து அடங்கும். மணியைத் துணியால் தொட்டுக்கொண்டிருந்தால் விரைவில் அடங்கிவிடும். மிகச் சிறந்த ஆடிகளுக்கிடையே ஒளியை அடைத்து, ஒளி வரும் வழியை மூடிவிட்டால் உள்ளே சிக்கிய ஒளியும் இப்படியே தேயும். வாயு இருந்தால் விரைவாகத் தேயும். தேயும் நேரத்தை அளந்தால் வாயுவின் அளவு கிடைக்கும். ஒரு முழம்கூட இல்லாத குழாய்க்குள் ஒளி பல கிலோமீட்டர் ஓடிவிடுகிறது.

1994ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான புதுவகை லேசர், நைட்ரஸ் ஆக்சைடை நுட்பமாக அளக்கும் வழியைத் திறந்தது. அரிசிமணி அளவே உள்ள குறைகடத்தித் துண்டு அது.

வயல் வரப்பில் கருவி

இத்தகைய கருவியை வயலோரம் ஒரு கம்பத்தில் பொருத்துகிறார்கள். பக்கத்தில், காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா என்று ஒலியால் அறியும் காற்றுமானி ஒன்று. இரண்டும் நொடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ அளவெடுக்கின்றன.

களத்திலிருந்து கூடையில் நெல் சுமப்பதை எண்ணிப் பார்க்கலாம். போகும் கூடையில் நெல் நிறைந்திருக்கும், திரும்பும் கூடை காலியாக வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வெளியே போன நெல். வயலின் மேல் சுழலும் காற்றும் அப்படியே. மேலே போகும் சுழலில் மீதேன் கூடுதல், கீழே வரும் சுழலில் குறைவு. அரை மணி நேரம் இந்த வித்தியாசத்தைக் கூட்டினால், காற்று வரும் திசையில் சில ஏக்கர் நிலம் விட்ட மூச்சு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பயிரைத் தொட வேண்டாம், பெட்டி கவிழ்க்க வேண்டாம். இரவும் பகலும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் இவ்வாறு அளந்திருக்கிறார்கள். குறைகளும் உண்டு. ஆடியில் பனியும் தூசியும் படிந்தால் கணக்குக் கெடும். மழையின்போது அளவு கிடைக்காது. விலையும் பல லட்சம் ரூபாய். இது ஆராய்ச்சி நிலையத்துக்கு உரிய கருவி. ஆனால் அது சொல்லும் பாடம் ஒவ்வொரு விவசாயிக்கும் உரியது.

அளவு சொன்ன பாடம்

அமெரிக்காவில் நெல் மிகுதியாக விளையும் ஆர்கன்சா மாநிலத்தில், விவசாயிகளின் வயல்களிலேயே மூன்று ஆண்டுகள் இந்த முறையில் அளந்தார்கள். அருகருகே இரு வயல்கள். ஒன்றில் எப்போதும் நீர் நிறுத்தினார்கள். மற்றொன்றைக் காயவிட்டுப் பாய்ச்சினார்கள். 2019ல் வெளியான முடிவின்படி, காயவிட்டுப் பாய்ச்சிய முறையால் மீதேன் 64 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

நம் பெரியவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொன்னது இதைத்தான். வயல் காயும்போது பிராணவாயு மண்ணுக்குள் புகுகிறது. மீதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்குகின்றன. நீர் வடியும் நாட்களில் மண்ணில் அடைபட்டிருந்த மீதேன் ஒரேயடியாக வெளியேறி, அதன் பின் அளவு தணிந்துவிடும். வாரம் ஒரு முறை பெட்டி கவிழ்ப்பவருக்கு இது தவறிப்போகலாம். ஓயாமல் அளக்கும் லேசருக்குத் தவறாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காய்ந்து நனையும் மண்ணில் தழைச்சத்து மிகுதியாகக் கிடந்தால், நுண்ணுயிர்கள் அதை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிவிடும். எடைக்கு எடை இது கரியமில வாயுவைப்போல் 270 மடங்குக்கும் மேல் வெப்பத்தைத் தேக்குவது. ஆகவே தண்ணீரைக் குறைப்பவர் யூரியாவையும் அளந்து இட வேண்டும். காற்றில் போகும் தழைச்சத்து விவசாயியின் காசும்தான்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

கம்பமும் லேசரும் இல்லாமலே இந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்க ஒரு குழாய் போதும். 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. அகலமும் உள்ள பிளாஸ்டிக் குழாயை எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள் இட வேண்டும். துளையுள்ள பாதி மண்ணுக்குள் இருக்குமாறு, வரப்பை ஒட்டி, எளிதில் பார்க்கக்கூடிய சமமான இடத்தில் பதிக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும்.

நடவு செய்து இரண்டு வாரம் வரை வயலில் வழக்கம்போல் நீர் நிற்கட்டும். களை கட்டுப்பட இது உதவும். அதன் பின் நீரை வற்றவிடலாம். குழாய்க்குள் நீர்மட்டம் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மீண்டும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்ச வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை வயலைக் காயவிடக் கூடாது. அப்போது காய்ந்தால் பதர் விழும். இந்த முறையில் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும். விளைச்சல் குறைவதில்லை.

மேலுரமாக யூரியாவை ஒரேயடியாக இடாமல் பிரித்து இட வேண்டும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை இலை வண்ண அட்டையைக் கொண்டு பார்த்து, பச்சை குறைந்தால் மட்டும் இடலாம். பொதுவாக 4ஆம் எண் நிறத்துக்கும், வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண் நிறத்துக்கும் கீழே போனால் உரம் தேவை. நீர் வற்றிய வயலில் உரமிட்டு உடனே நீர் பாய்ச்சுவது நல்லது. வைக்கோலைப் பச்சையாகச் சேற்றில் மிதித்து உடனே நடுவதைத் தவிர்த்து, மக்கச் செய்து இட்டால் மீதேன் குறையும்.

நீரை வேண்டும்போது விடவும் நிறுத்தவும் முடிகிற பம்புசெட்டுப் பாசனத்தில் இது நன்கு பலன் தரும். அடைமழையில் வடிகால் இல்லாத பள்ளக்கால் வயல்களுக்கு ஒத்துவராது. உப்பு மண்ணில் நீரை வற்றவிடுவதும் சரியன்று.

கணக்கைக் கேட்க வேண்டும்

மீதேனைக் குறைக்கும் நெல் விவசாயிகளுக்குப் பணம் தரும் கார்பன் திட்டங்கள் இப்போது வருகின்றன. இவற்றில் பெரும்பாலும் அந்தந்த வயலில் கருவி வைத்து அளப்பதில்லை. வேறு இடங்களில் அளந்த விகிதங்களைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அந்த விகிதம் எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில், எந்த நீர்ப்பாசனத்தில் எடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே கையெழுத்திடுவது நல்லது. பணம் எப்போது, ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.

வெளியூர் அளவை நம் வயலுக்குப் பொருத்தியதால் 3 கோடியே 78 லட்சம் டன் என்ற கணக்கு வந்தது. நம் வயலிலேயே அளந்ததால் அது 40 லட்சமாக இறங்கியது. மரக்காலால் அளக்காத நெல்லுக்கு எவரும் விலை பேசுவதில்லை. வயல் விடும் மூச்சுக்கும் அதுவே நியாயம். அதற்கான மரக்கால் இப்போது லேசர் ஒளியாக வந்திருக்கிறது. வரப்பு ஓரத்தில் பதித்த குழாயைத் தினமும் எட்டிப் பார்க்கும் விவசாயி, அந்த மரக்காலில் தன் பங்கைச் சரியாகவே அளந்து காட்டலாம்.